நன்றிக்கடனும் நடுநிலையும்: 1793இல் அமெரிக்கத் தலைவர்கள் வாதிட்டது

1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடலூரை முற்றுகையிட்ட ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படையும், நகரைக் காத்து நின்ற புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டபோது, அமெரிக்க விடுதலைப் போரையொட்டி மூண்ட ஆங்கில-பிரெஞ்சுப் போர் ஐரோப்பாவில் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஜனவரி 20ஆம் தேதியே முதற்கட்ட சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி கப்பலேறிக் கடலூருக்கு வந்து சேர ஜூன் மாதக் கடைசி ஆயிற்று. அதற்குள், ஜூன் 13 அன்று வண்டிப்பாளையம் மேட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருபுறமும் நூற்றுக்கணக்கானோர் விழுந்துவிட்டார்கள். ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனின் கப்பல்கள் கடலூருக்கு எதிரே ஆங்கிலக் கப்பற்படையுடன் போரிட்டன. ஜூன் 25 அன்று கோட்டைக்குள்ளிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளிப்பாய்ந்து தாக்கித் தோற்றார்கள். அமெரிக்க விடுதலைப் போரோடு சேர்ந்து எழுந்த உலகப் போரின் கடைசிச் சண்டை கடலூரில்தான் நடந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். நம் பள்ளிப் பாடங்களில் இந்தத் தொடர்பு போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

தொடர்பு 1778 பிப்ரவரி 6ஆம் தேதியில் இருக்கிறது. பிரிட்டனுக்கு எதிராகக் கிளர்ந்த பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகளும் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயியின் பிரதிநிதிகளும் அன்று பாரிசில் இரண்டு உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார்கள். ஒன்று நட்பும் வணிகமும் பற்றியது. மற்றொன்று இராணுவக் கூட்டணி பற்றியது. அதன் விளைவாகப் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கின. அந்தப் போரின் முதல் பலிகளில் ஒன்று புதுச்சேரி. ஹெக்டர் மன்ரோ தலைமையில் வந்த ஆங்கிலப் படை ஊரை முற்றுகையிட்டு அதே ஆண்டு அக்டோபரில் கைப்பற்றியது. 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீரா நாயக்கர் புதுச்சேரியில் எழுதிவைத்த தமிழ் நாட்குறிப்பு இந்தக் கொந்தளிப்பான ஆண்டுகளைச் சேர்ந்ததுதான். 1782 ஏப்ரலில் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும், மறு ஆண்டு ஸ்டூவர்ட் அதை மீட்க வந்ததும் இதே போரின் தொடர்ச்சி. போருக்குப் பின் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமும் கடலூர் ஆங்கிலேயரிடமும் திரும்பின.

கூட்டணி உடன்படிக்கையின் 11ஆவது பிரிவுதான் பின்னாளில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இன்று முதல் என்றென்றைக்கும் அமெரிக்காவின் விடுதலைக்கும் இறையாண்மைக்கும் பிரான்ஸ் உத்தரவாதம். பதிலுக்கு, அமெரிக்கக் கண்டத்தில் பிரான்சுக்கு உள்ள உடைமைகளுக்கு, அதாவது முக்கியமாகக் கரீபியன் கடலின் சர்க்கரைத் தீவுகளுக்கு, அமெரிக்கா உத்தரவாதம். இந்தியாவில் பிரான்சுக்கு இருந்த ஊர்கள் அந்த வாக்குறுதியில் இடம்பெறவில்லை. கூட்டணியின் விலையை முதலில் கொடுத்த ஊர்களில் ஒன்றான புதுச்சேரிக்குக் கூட்டணியின் பாதுகாப்பில் எந்தப் பங்கும் இல்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிரிவு உயிர்பெற்று எழுந்தது. 1793 ஜனவரி 21 அன்று பாரிசில் பதினாறாம் லூயியின் தலை வெட்டப்பட்டது; பிப்ரவரி 1 அன்று பிரெஞ்சுக் குடியரசு பிரிட்டன் மீதும் நெதர்லாந்து மீதும் போர் தொடுத்தது. அமெரிக்காவை விடுவிக்கக் கை கொடுத்த நாடு இப்போது தானே முடியாட்சியை ஒழித்த குடியரசாகி, அமெரிக்காவின் பழைய எதிரியோடு மோதுகிறது. அமெரிக்க நகரங்களில் மக்கள் பிரான்சின் மூவண்ணச் சின்னம் அணிந்து விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் ஆட்சியில் இருந்தவர்களின் கண்ணில் பட்டது வேறு. அரசமைப்புச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அமைந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்படை என்று சொல்ல ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. தரைப்படையோ 1791 நவம்பரில் ஒஹாயோ பகுதியின் பழங்குடிக் கூட்டணியிடம் படுதோல்வி கண்டு அப்போதுதான் மீண்டும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. விடுதலை உடன்படிக்கையின்படி காலி செய்திருக்க வேண்டிய வடமேற்குக் கோட்டைகளில் ஆங்கிலச் சிப்பாய்கள் இன்னும் குந்தியிருந்தார்கள். அரசாங்கத்தின் வருவாயில் பெரும்பகுதி இறக்குமதிச் சுங்கத்திலிருந்து வந்தது. இறக்குமதியில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. பிரிட்டனோடு போர் என்றால் கருவூலம் காய்ந்துவிடும் என்பதை நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் எல்லோரையும்விட நன்றாக அறிந்திருந்தார்.

செய்தி வந்தபோது குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தம் பண்ணை வீட்டில் இருந்தார். ஏப்ரல் 17 அன்று அப்போதைய தலைநகரான பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். மறுநாளே பதின்மூன்று கேள்விகளை எழுதி அமைச்சர்களுக்கு அனுப்பினார். நடுநிலைப் பிரகடனம் வெளியிடலாமா, புதிய பிரெஞ்சுக் குடியரசின் தூதரை ஏற்பதா, ஏற்றால் நிபந்தனையோடா நிபந்தனையின்றியா, அரசரோடு செய்த உடன்படிக்கைகள் இப்போதும் செல்லுமா என்பவை அவற்றுள் தலையானவை. கேள்விகளின் கையெழுத்து வாஷிங்டனுடையது என்றாலும் சிந்தனை ஹாமில்டனுடையது என்று வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன் சந்தேகித்துத் தம் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

ஏப்ரல் 19 அன்று கூடிய அந்தச் சின்னஞ்சிறு அமைச்சரவையில் ஹாமில்டன், ஜெஃபர்சன், போர்த்துறை அமைச்சர் ஹென்றி நாக்ஸ், அரசின் தலைமை வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்ஃப் ஆகிய நால்வரே இருந்தார்கள். போரில் இறங்கக் கூடாது என்பதில் நால்வருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த விவாதத்தைப் பிரிட்டனின் ஆதரவாளருக்கும் பிரான்சின் ஆதரவாளருக்கும் இடையிலான சண்டையாக மட்டும் சுருக்கிச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நடுநிலை வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. கொடுத்த வாக்கை என்ன செய்வது, நடுநிலையை அறிவிக்கும் உரிமை யாருக்கு உண்டு, அறிவிக்குமுன் அதற்கு விலை பேசலாமா என்ற மூன்றின் மீதுதான் சண்டை.

வாக்குறுதி பற்றி ஹாமில்டன் சொன்னது இது: உடன்படிக்கை செய்தவர் அரசர், அரசரும் இல்லை, அவருடைய அரசும் இல்லை, பாரிசில் யாருடைய ஆட்சி நாளை நிலைக்கும் என்று தெரியாத நிலையில் உடன்படிக்கைகளை இப்போதைக்கு நிறுத்திவைக்கும் உரிமை நமக்கு உண்டு, நாட்டின் நிலைமை மாறியதால் கூட்டணி ஆபத்தாகிவிட்டால் அதைக் கைவிடவும் சட்டம் இடம் தருகிறது. தவிர, 1778இன் கூட்டணி தற்காப்புக்கானது. போரைத் தொடுத்தவர்களோ பிரெஞ்சுக்காரர்கள். இதற்கு ஏப்ரல் 28 அன்று ஜெஃபர்சன் எழுத்தில் அளித்த மறுப்பு, சர்வதேசச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்க வேண்டிய ஆவணம். உடன்படிக்கை இரண்டு தேசங்களுக்கிடையே செய்யப்பட்டது, இரண்டு அரசாங்கங்களுக்கிடையே அல்ல. குடும்பத் தலைவர் மாறினாலும் குடும்பத்தின் கடன் மாறாதது போல, ஆட்சி முறை மாறியதாலேயே தேசத்தின் கடமை மறைந்துவிடாது. ஒரு வாக்குறுதியைக் காப்பது தேசத்தையே அழிக்கும் என்றால் அதை விட்டுவிடலாம் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த ஆபத்து கண்முன் நிற்க வேண்டும், வரலாம் என்ற ஊகம் போதாது என்கிறார். தீவுகளைக் காக்க வா என்று பிரான்ஸ் இன்னும் அழைக்கவே இல்லை என்பதையும் சுட்டிக்காட்டுகிறார்.

அந்தக் கடைசிக் கருத்து நடைமுறையிலும் சரியாக இருந்தது. கப்பல் இல்லாத அமெரிக்கா போரில் சேர்வதைவிட, நடுநிலைக் கொடியோடு தானியமும் சரக்கும் கொண்டுவருவதே பிரான்சுக்குப் பயன் தந்தது. 11ஆவது பிரிவை நிறைவேற்றும்படி பிரான்ஸ் கேட்கவே இல்லை. வாஷிங்டன் ஜெஃபர்சனின் பக்கம் சாய்ந்தார்: தூதர் நிபந்தனையின்றி ஏற்கப்பட்டார், உடன்படிக்கைகள் செல்லுபடியாகவே நின்றன. போரில் சேராமலிருப்பதில் ஹாமில்டன் காட்டிய அவசரமும், வாக்கை முறிக்காமலிருப்பதில் ஜெஃபர்சன் காட்டிய பிடிவாதமும் ஒரே முடிவில் சேர்ந்தன. வாஷிங்டனின் அரசியல் அறிவு இதில்தான் தெரிகிறது என்று நான் கருதுகிறேன். ஹாமில்டனின் வழியில் போயிருந்தால், ஆட்சி மாறும்போதெல்லாம் உடன்படிக்கையும் போகும் என்ற கொள்கையை, உடன்படிக்கைகளால் மட்டுமே உலகில் ஏற்பு பெற்ற ஒரு புதிய நாடே நிலைநாட்டியதாக ஆகியிருக்கும்.

ஏப்ரல் 22 அன்று வெளியான பிரகடனத்தில் நடுநிலை என்ற சொல் இல்லை. போரிடும் நாடுகளிடம் நட்போடும் பாரபட்சமின்றியும் நடந்துகொள்வது என்று மட்டும் இருந்தது. இது ஜெஃபர்சனுக்காகச் செய்யப்பட்ட விட்டுக்கொடுப்பு. போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்றால், போரில்லை என்று அறிவிக்கும் அதிகாரம் தலைவர் ஒருவருக்கு எப்படி வரும் என்று அவர் கேட்டார். கூடவே ஒரு வணிகக் கணக்கும் வைத்திருந்தார்: நம் நடுநிலை போரிடும் இரு நாடுகளுக்கும் மதிப்புள்ளது, அதை இலவசமாக அறிவிக்காமல் தாமதித்தால், நம் கப்பல்களுக்கு அதிகச் சலுகை கேட்டு வாங்கலாம். பின்வந்த மாதங்களில் பிரிட்டன் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கு பலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடலில் வலிமையற்ற நாடு தன் நடுநிலைக்கு விலை சொல்லலாம். கொடுக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

இந்த நேரத்தில்தான் புதிய பிரெஞ்சுத் தூதர் எட்மோன் ஷார்ல் ஜெனே வந்தார். ஏப்ரல் 8 அன்று தென்பகுதித் துறைமுகமான சார்ல்ஸ்டனில் இறங்கியவர், தலைநகருக்கு வந்து தம் நியமனப் பத்திரத்தைக் காட்டுமுன்பே, அமெரிக்கத் துறைமுகங்களில் அமெரிக்க மாலுமிகளைக் கொண்டு ஆங்கிலக் கப்பல்களைக் கொள்ளையிடும் தனியார் போர்க்கப்பல்களுக்கு உரிமம் எழுதிக்கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் பிடித்த கப்பல்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரலாம் என்று 1778இன் வணிக உடன்படிக்கை சொன்னது. அங்கேயே புதுக் கப்பல்களுக்குப் பீரங்கி ஏற்றலாம் என்று அது சொல்லவில்லை. ஜெனே அப்படித்தான் பொருள் கொண்டார்.

ஜூலை மாதத் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி, நடுநிலை என்பது பிரகடனத்தோடு முடிவதில்லை என்பதைக் காட்டியது. லிட்டில் சாரா என்ற ஆங்கில வணிகக் கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று பிடித்துப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்திருந்தது. அங்கேயே அது வேறு பெயர் பெற்று, பதினான்கு பீரங்கிகளோடு புறப்படத் தயாரானது. பென்சில்வேனியா ஆளுநர் மிஃப்லின் நள்ளிரவில் தம் செயலாளரை ஜெனேயிடம் அனுப்பினார். ஜெனே கோபம் கொண்டு, வாஷிங்டனைத் தாண்டி அமெரிக்க மக்களிடமே முறையிடப் போவதாகச் சொன்னார் என்ற செய்தி பரவியது. மறுநாள் ஜெஃபர்சன் தாமே போய்க் கேட்டார். கப்பல் இன்னும் புறப்படும் நிலையில் இல்லை, ஆற்றில் சற்றுக் கீழே மட்டும் நகரும் என்ற பதிலை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். டெலவேர் ஆற்றின் தீவொன்றில் பீரங்கி நிறுத்திக் கப்பலைத் தடுக்க வேண்டும் என்று ஹாமில்டனும் நாக்ஸும் வாதிட்டார்கள். ஒரு கப்பலுக்காகப் பிரெஞ்சுக் கொடி மீது சுட்டுப் போரை வரவழைப்பதா என்று ஜெஃபர்சன் மறுத்தார். வாஷிங்டன் ஊர் திரும்பி முடிவெடுப்பதற்குள் கப்பல் கடலுக்குப் போய்விட்டது. ஆகஸ்டில், ஜெனேயைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி பாரிசைக் கேட்பது என்று அமைச்சரவை முடிவு செய்தது. அதற்கான நீண்ட கடிதத்தை எழுதும் கடமை ஜெஃபர்சனுக்கே வந்தது. அதற்குள் பாரிசில் ஆட்சி கைமாறி, ஜெனே நாடு திரும்பினால் தலை தப்பாது என்ற நிலை ஏற்பட்டது. வாஷிங்டன் அவரை அனுப்பவில்லை. ஜெனே நியூயார்க் பகுதியில் குடியேறி 1834இல் அங்கேயே இறந்தார்.

அமைச்சரவைக்குள் நடந்த வாதம் ஜூன் 29 அன்று செய்தித்தாளுக்கு வந்தது. பசிஃபிகஸ் என்ற புனைபெயரில் ஹாமில்டன் ஏழு கட்டுரைகள் எழுதினார். நன்றிக்கடன் என்ற வாதத்தை அவர் எதிர்கொண்ட விதம் கடுமையானது. பிரான்ஸ் நமக்கு உதவியது பிரிட்டனைப் பலவீனப்படுத்தத்தான். இருவருக்கும் பயன் தந்த உதவிக்கு நன்றி உண்டு, ஆனால் அந்த நன்றிக்காக ஒரு தேசம் தன்னையே பணயம் வைக்கக் கடமைப்படவில்லை. தனிமனிதர் தம் சொத்தைத் தியாகம் செய்யலாம், ஆட்சியாளர் பிறர் சொத்தின் காப்பாளர் என்பதால் அந்த உரிமை அவருக்கு இல்லை. 1778இல் பிரான்ஸ் போரில் இறங்கியதன் நோக்கம் பற்றி அவர் சொன்னது உண்மை. புதுச்சேரியின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, பிரான்சின் கணக்கில் அமெரிக்காவும் இந்தியாவும் ஒரே பலகையின் காய்கள் என்பது தெரிந்ததுதான்.

அதிகாரம் பற்றிய அவருடைய வாதம் இன்னும் நீண்ட ஆயுள் பெற்றது. செயலாட்சி அதிகாரம் முழுவதையும் அரசமைப்புச் சட்டம் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறது. போர் அறிவிப்பு போன்றவை அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட விதிவிலக்குகள். விதிவிலக்கைக் குறுகலாகவே பொருள் கொள்ள வேண்டும். போர் அறிவிக்கப்படும் வரை அமைதியைக் காப்பது தலைவரின் கடமை. ஜூலை 7 அன்று ஜெஃபர்சன் தம் நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு, பேனாவை எடுத்து இதை மறுத்தே தீர வேண்டும் என்று கெஞ்சும் தொனியில் எழுதினார். தாமே அமைச்சராக இருந்து ஒப்புக்கொண்ட பிரகடனத்தைப் பகிரங்கமாக எதிர்க்க அவரால் முடியவில்லை. மாடிசன் விருப்பமின்றித்தான் எழுத உட்கார்ந்தார். ஹெல்விடியஸ் என்ற பெயரில் ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 18 வரை வந்த அவருடைய ஐந்து கட்டுரைகள், போரும் உடன்படிக்கையும் இயல்பிலேயே சட்டமன்றத்தின் அலுவல்கள் என்றும், அவற்றைத் தலைவரின் இயல்பான அதிகாரமாகக் காண்பது ஆங்கில அரசரின் தனியுரிமையை அப்படியே இறக்குமதி செய்வது என்றும் வாதிட்டன. போரால் புகழும் படையும் பதவிகளும் பெறுவது ஆட்சித் தலைவர்தான்; ஆகவே போரின் கதவு அவர் கையில் இருக்கக் கூடாது.

நடைமுறையில் வென்றவர் ஹாமில்டன்; அமெரிக்கத் தலைவர்கள் இன்றுவரை அந்த வாதத்தின் நிழலில்தான் வெளியுறவை நடத்துகிறார்கள். ஆனாலும் மாடிசனின் எச்சரிக்கையே ஆழமானது என்பது என் கருத்து. அமைதிக்காகப் பயன்பட்ட அதே தனி அதிகாரம் வேறொரு தலைவர் கையில் போருக்கும் பயன்படும் என்பதை அவர் முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டார். பிரகடனத்துக்குச் சட்டத்தின் முதுகெலும்பு தேவை என்பதும் விரைவில் தெரிந்தது: பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலில் பணிபுரிந்ததற்காக கிடியன் ஹென்ஃபீல்டு என்ற மாலுமி மீது தொடுக்கப்பட்ட வழக்கில், ஜூலை மாதம் ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். 1794 ஜூன் 5 அன்று நாடாளுமன்றமே நடுநிலைச் சட்டம் இயற்றியது.

மாடிசனின் முதல் கட்டுரை அச்சேறிய அதே வாரத்தில் புதுச்சேரி மறுபடியும் விழுந்தது. போர்ச் செய்தி கிடைத்ததும் மதராஸ் அரசு கர்னல் பிரெய்த்வெய்ட் தலைமையில் படையனுப்பி, ஆகஸ்ட் மாத முற்றுகையில் ஊரைக் கைப்பற்றியது. 1778இலும் 1793இலும் போர் எங்கோ தீர்மானிக்கப்பட்டது, குண்டுகள் இங்கே விழுந்தன. பிலடெல்பியாவில் நால்வர் மேசையைச் சுற்றி அமர்ந்து இந்தப் போரில் சேருவோமா என்று கேட்க முடிந்தது. அதே கேள்வியைக் கேட்கப் புதுச்சேரி நெசவாளருக்கோ வணிகருக்கோ மன்றம் எதுவும் இல்லை. நடுநிலை ஒரு கொள்கை என்பதற்கு முன் ஓர் உரிமை. தனக்காகத் தானே முடிவெடுக்கும் நாட்டுக்கு மட்டுமே அது உண்டு. 1947க்குப் பின் இந்தியத் தலைவர்கள் அணிசேராமையை அவ்வளவு விழிப்போடு காத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வேறுபாடும் உண்டு: விடுதலை பெறும்போது இந்தியாவின் கழுத்தில் 1778 போன்ற ஓர் இராணுவக் கூட்டணி இல்லை. அமெரிக்கர்களோ கட்டிய முடிச்சை அவிழ்க்காமலே ஒதுங்கி நிற்க வழி தேட வேண்டியிருந்தது.

அப்படி ஒதுங்கியதில் இலாபமும் வந்தது, அடியும் விழுந்தது. இந்தியாவுக்கு முதன்முதலில் வந்த அமெரிக்க வணிகக் கப்பல் 1784 டிசம்பரில் நங்கூரமிட்டது புதுச்சேரியில்தான். அப்போது அமெரிக்கருக்கு ஆங்கிலத் துறைமுகங்களைவிடப் பிரெஞ்சுத் துறைமுகம் நெருக்கமாக இருந்தது. 1793 நவம்பரில் பிரிட்டன் இரகசிய ஆணை பிறப்பித்து, கரீபியன் கடலில் பிரெஞ்சுத் தீவுகளோடு வணிகம் செய்த அமெரிக்கக் கப்பல்களை இருநூறுக்கு மேல் பிடித்தது. போரைத் தவிர்க்க வாஷிங்டன் தலைமை நீதிபதி ஜான் ஜேயை இலண்டனுக்கு அனுப்பினார். 1794 நவம்பர் 19 அன்று கையெழுத்தான அந்த உடன்படிக்கையை மேலவை 20க்கு 10 என்ற கணக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கும் மிஞ்சாமல் ஏற்றது. அதன் ஒரு பிரிவு இந்தியாவில் பிரிட்டனின் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டது. புதுச்சேரி 1816 வரை ஆங்கிலேயர் கையில் இருந்த அந்த ஆண்டுகளில், நடுநிலைக் கொடி பறந்த கப்பல்கள் மதராஸிலும் கல்கத்தாவிலும் துணி வாங்கிச் சென்றன.

பிரான்ஸ் இதைத் துரோகமாகக் கண்டது. தன் எதிரியோடு உடன்பாடு செய்த நாட்டுக்கு நடுநிலையின் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, 1796 முதல் நூற்றுக்கணக்கான அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. 1798 முதல் 1800 வரை, அறிவிக்கப்படாத ஒரு கடற்போரே நடந்தது. 1800 செப்டம்பர் 30 அன்று கையெழுத்தாகி மறு ஆண்டு திருத்தங்களோடு உறுதியான உடன்படிக்கை அதை முடித்துவைத்தது. கூட்டணியிலிருந்து அமெரிக்காவைப் பிரான்ஸ் விடுவித்தது; பதிலுக்கு, பறிபோன கப்பல்களுக்கும் சரக்குக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. இழந்தவர்கள் அமெரிக்க வணிகர்கள். விட்டுக்கொடுத்தது அமெரிக்க அரசு. ஆகவே அந்தக் கடன் இனி அரசினுடையது என்று வணிகர்களும் அவர்களுடைய வாரிசுகளும் வாதிட்டு நாடாளுமன்றத்தின் வாசலில் தலைமுறை தலைமுறையாக மனுவோடு நின்றார்கள். அந்தக் கோரிக்கைகளை விசாரிக்கும்படி நீதிமன்றத்துக்கு அனுப்பிய சட்டம் 1885 ஜனவரியில்தான் வந்தது.